உள்ளதை உள்ளபடி எழுதும் வேலை

தாய்சேய் ஊட்டச்சத்து ஆராய்ச்சி என்றால் ஆய்வகம், கம்ப்யூட்டர், வெள்ளைக் கோட்டு என்று நினைத்துக்கொண்டுதான் புதுப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். முதல் நாள் நான் அவர்கள் கையில் கொடுப்பது ஒரு பலகை. ஒரு முனையில் அசையாத தலைப்பலகை, மறுமுனையில் நகரும் கால்பலகை, ஓரத்தில் பதித்த அளவு நாடா. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் எடுக்கிற சாமான் அது. வேலூரைச் சுற்றிய கிராமங்களிலும், டவுனுக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களிலும் இந்தப் பலகை, எடை மெஷின், சாப்பாட்டு விவரம் கேட்டு எழுதுகிற ரீகால் ஃபார்ம் பை மூன்றையும் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் என் உத்தியோகம். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் களப்பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். அதற்கு மேலே அச்சாகியிருக்கும் எண்கள் எங்கள் கை வழியாகப் போனவை. எனக்கு அது போதுமான கௌரவம்.

நீளம் எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் தலைமாட்டில் இருப்பார். குழந்தையின் உச்சந்தலை தலைப்பலகையில் பட வேண்டும். காதுத் துளையையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் சேர்த்து மனதுக்குள் ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். குழந்தை நேரே மோட்டுவளையைப் பார்த்தபடி இருக்கும். கால்மாட்டில் இருப்பவர் இடது கையால் இரண்டு முட்டியையும் சேர்த்து மெல்ல அழுத்தி, வலது கையால் கால்பலகையை உள்ளங்கால் முழுக்கப் படும்வரை நகர்த்தி, கால்விரல்கள் மேல்நோக்கி நிற்கின்றனவா என்று பார்த்து, மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. குழந்தை வீறிட்டு அழும், முதுகை வளைத்து எழும், பாட்டி 'பச்ச புள்ளைய இன்னா பண்றீங்க' என்று ஓடி வருவார் என்பதைக் கையேடு அவ்வளவாகச் சொல்லாது.

ஒரு வயது ஆண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அட்டவணையில் நடு அளவு 75.7 சென்டிமீட்டர். 71.0க்குக் கீழே போனால் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத குழந்தை என்று கணக்கு. முட்டியைச் சரியாக அழுத்தாமல் படித்தால் ஒரு சென்டிமீட்டர் சுலபமாகக் காணாமல் போகும். 71.6 இருக்கிற பையன் 70.6 ஆகிவிடுவான். அவன் சாப்பாட்டில் ஒன்றும் குறையவில்லை, நோய்நொடி எதுவும் வரவில்லை. நம் இடது கை தளர்ந்ததால் அவன் வேறு பட்டியலுக்குப் போய்விட்டான். இரண்டு வயது முடிந்தால் நிற்க வைத்து உயரம் எடுக்க வேண்டும். படுக்கை நீளம் நின்ற உயரத்தைவிட சராசரியாக 0.7 சென்டிமீட்டர் கூட வரும். எந்த நிலையில் எடுத்தோம் என்று ஃபார்மில் டிக் செய்யாமல் விட்டவர்களால் ஒரு மாதத்து வேலை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரை நாங்கள் பெரியக்கா என்போம். உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் எடை போட்டுப் பழகிய கை அவருடையது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்கு மட்டும் சத்துணவு கொடுத்த திட்டம் அது. உத்தரத்தில் தொங்கும் சால்டர் தராசில் குழந்தை ஆடி அடங்கும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டு நின்ற தலைமுறை. எந்தக் குழந்தைக்குச் சத்துருண்டை, எந்தக் குழந்தைக்கு இல்லை என்பதை அந்த முள் முடிவு செய்ததால், முள் அடங்கும் முன்னால் படிக்கக் கூடாது என்பது அவருக்குள் ஊறிப்போயிருந்தது.

பெரியக்கா குழந்தையைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பலகையின் மேல் அம்மாவின் பழைய புடவைத் துணியை ஒற்றை மடிப்பாக விரிப்பார்; அந்த வாசனையில் குழந்தை கொஞ்சம் அடங்கும். கால்பலகையை முன்னும் பின்னும் தள்ளி விளையாட்டுக் காட்டுவார். அதன் சத்தம் பழகிய பிறகுதான் படுக்க வைப்பார். அழுகிற குழந்தை மூச்சை விட்டு அடுத்த மூச்சை இழுப்பதற்குள் ஒரு நொடி உடம்பு தளரும். அந்த நொடிக்காக அவர் கை முட்டியின் மேலேயே காத்திருக்கும். அழுத்துவது தெரியாது, கால் நீண்டிருக்கும். எண்ணை உரக்கச் சொல்ல மாட்டார். எடை போட்டால் கண் படும் என்று எங்கள் பக்கத்தில் பல பாட்டிகளுக்குப் பயம் உண்டு. அதனால் 'பாட்டி, நீங்களே ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சு விடுங்க, அப்புறம் அளக்கறேன்' என்பார். பொட்டு வைத்த பாட்டி அதற்குப் பிறகு தலைமாட்டில் உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வார். எங்களுக்கு மூன்றாவது ஆள் கிடைத்துவிடும்.

ஒரு சமயம் புதிதாகச் சேர்ந்த இருவரின் அளவுகள் எல்லாக் குழந்தைக்கும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போயின. ஒரே குழந்தையை இருவர் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒருவர் எண் மற்றவர் காதில் விழக் கூடாது என்பது முறை. 2006 அட்டவணை உருவாக ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தபோது (இந்தியாவில் நம் டில்லியில்), இருவர் அளவுக்கும் நடுவே நீளத்தில் 7 மில்லிமீட்டர், எடையில் 100 கிராம் வரை வித்தியாசம் வரலாம், அதைத் தாண்டினால் மறுபடி அளக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நன்கு பழகிய கைகளுக்கே அவ்வளவு இடம் கொடுத்திருக்க, புதுக் கைகளுக்கு வித்தியாசமே வரவில்லை என்றால் எப்படி? பெரியக்கா ஃபார்ம்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு இருவரையும் கூப்பிட்டார். 'ரெண்டு பேர் எண்ணும் ஒண்ணா இருந்தா நல்ல வேலைன்னு யார் சொன்னது? ரெண்டு கண்ணு, ரெண்டு கை. கொஞ்சமாவது வேற மாதிரி வரணும். வரலைன்னா ஒருத்தி அளக்கல.' திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. மறுநாளிலிருந்து இருவருக்கும் வேறு வேறு ஜோடி.

அளவின் கடைசி இலக்கத்தையும் பார்க்கச் சொல்லித் தந்தார். ஒரு மாதத்து ஃபார்ம்களில் 0, 1, 2, 3 என்று எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். 0, 5 இரண்டும் குவிந்திருந்தால் அளந்தவர் நாடாவைப் படிக்கவில்லை, தோராயமாக எழுதியிருக்கிறார். டேட்டா அறையில் இருப்பவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நாமே நம் ஃபார்மில் பார்த்துக்கொள்வது மரியாதை.

எடைக்கு வருகிறேன். சாணம் மெழுகிய தரையில் மெஷினை நேராக வைக்காதீர்கள். கெட்டியான பிளைவுட் துண்டு ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். காலையில் கிளம்பும் முன் தெரிந்த எடைக் கல்லை வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். குழந்தைக்கு உடுப்பு இருக்கக் கூடாது. கொலுசு, வளையல், வசம்பு மாலை எல்லாம் கழற்றச் சொல்லலாம். அரைஞாண் கொடியையும் தாயத்தையும் கழற்ற மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். அம்மாவை ஏற்றி நிறுத்தி, மெஷினைப் பூஜ்யம் ஆக்கி, பிறகு குழந்தையைக் கையில் கொடுக்கிற முறையில், பூஜ்யம் ஆக்கியதற்கும் படிப்பதற்கும் நடுவில் அம்மா கையில் செல்போன் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்த எடை இன்னும் நுணுக்கமானது. பிரசவ வார்டுக் குறிப்பேடுகளைப் புரட்டினால் 2.500, 3.000 என்ற எண்கள் வரிசையாக நிற்கும். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைந்த குழந்தை என்று தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் 2.460 ஒன்று 2.500 ஆகிவிடுகிற இடம் அது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, வேலை நெருக்கடி. ஆனால் ஆராய்ச்சிக்கு அந்த எடை உதவாது. நாங்கள் எங்கள் மெஷினோடு போய், குழந்தை பிறந்த மூன்று நாளைக்குள் உடுப்பில்லாமல் எடுத்துவிட வேண்டும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு என்பதால் பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் எழுத வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மும்பையில் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்வேன். 2006இலிருந்து 2012 வரை சேரிப் பகுதிப் பெண்களுக்கு, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே, கீரையும் பழமும் பாலும் சேர்த்த ஒரு தின்பண்டத்தை அன்றாடம் கொடுத்தார்கள். ஒப்பீட்டுக்கு இன்னொரு குழுவுக்குச் சத்துக் குறைந்த தின்பண்டம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பிறந்த எடையில் திடமான வித்தியாசம் தெரியவில்லை. கருவுறுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களிடம் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடுதல் தெரிந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் அந்தத் தின்பண்டம் சாப்பிட்டவர்களிடம் குறைந்திருந்தது. 48 கிராம்! ஆயிரக்கணக்கான பெண்கள், ஆறு வருஷ உழைப்பு, அதன் பலன் ஒரு கோழி முட்டை எடைகூட வராத வித்தியாசம். நம் கை இங்கே கொஞ்சம் கூட, அங்கே கொஞ்சம் குறைவாக எழுதுகிற பிழைகள் பெரிய கூட்டத்தில் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இரண்டரையை நோக்கி எல்லாவற்றையும் தள்ளுகிற பழக்கம் சரிக்கட்டாது.

அளவு கைக்கு வந்துவிடும். காது பழக வருஷக்கணக்காகும். இருபத்துநான்கு மணி நேர ரீகால் என்பது நேற்று விழித்ததிலிருந்து இன்று விழித்தது வரை வாய்க்குள் போனது அத்தனையையும் கேட்டு எழுதுவது. 'காலையில் என்ன டிபன்?' என்று தொடங்கவே கூடாது. அப்படிக் கேட்டால் டிபன் சாப்பிடாதவர்கூட வெட்கப்பட்டு இட்லி என்று சொல்லிவிடுவார். 'நேத்து எழுந்ததும் முதல்ல வாயில என்ன போட்டீங்க?' என்று கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் அவர்கள் சொல்கிற வரிசையிலேயே ஒரு பட்டியல். அது முடிந்ததும் மறந்துபோகிற சாமான்கள்: டீ, பிஸ்கட், வெற்றிலை, குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததை அம்மா வாயில் போட்டுக்கொண்டது. அடுத்து நேரம், இடம். அதற்குப் பிறகுதான் அளவு. கடைசியில் முழுவதையும் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். அந்தக் கடைசிச் சுற்றில்தான் 'ஐயோ, பக்கத்து வீட்டு வளைகாப்பு சோறு சொல்லல' என்று நினைவு வரும்.

அளவு கேட்கும்போது நம் கிண்ணத்தைக் காட்டுவதைவிட அவர்கள் வீட்டு டம்ளரையும் குழிக்கரண்டியையும் எடுத்து வரச் சொல்வது நல்லது. அதில் தண்ணீர் ஊற்றி அளவு ஜாரில் கொட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டு டம்ளரும் ஒவ்வொரு அளவு. சாம்பார் என்றால் மேலே நின்ற தெளிவா, அடியில் இருந்த பருப்பா என்று கேட்க வேண்டும். குழந்தைக்குப் பருப்புச் சாதம் என்று சொல்வது பெரும்பாலும் பருப்புத் தண்ணீர்ச் சாதமாக இருக்கும். இரண்டுக்கும் புரதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கேழ்வரகுக் களி கட்டியா, தளர்வா? நொய் எவ்வளவு போட்டார்கள்? வெந்த சோறு அரிசியைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு எடை வரும். தண்ணீரைக் கழித்து அரிசிக் கணக்குக்குக் கொண்டுவந்தால்தான் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணையோடு சேர்க்க முடியும். 2017 பதிப்பில் 528 உணவுகள் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் வேர் நம் குன்னூரில் இருக்கிறது. 1918இல் மெக்கரிசன் என்ற டாக்டர் அங்கே தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. எண்ணெய்க்கு, ரேஷனில் வாங்கிய பாமாயில் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது, வீட்டில் எத்தனை பேர் என்று சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். 'ரெண்டு கரண்டி ஊத்துவேன்' என்பது எந்தக் கரண்டி என்று யாருக்கும் தெரியாது.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்தில் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு வேன் விடியற்காலையிலேயே வந்துவிடும். அம்மா அதில் ஏறிப் போனால் குழந்தை பகல் முழுக்கப் பாட்டியிடம். அம்மாவிடம் கேட்டால் ஊகம்தான் கிடைக்கும். பாட்டியிடம் கேட்க வேண்டும், ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அண்ணன்காரனிடம் கேட்க வேண்டும், சத்துமாவு உருண்டைக்கு அங்கன்வாடி டீச்சரிடம். குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றுகிற பெண்களிடம் பேசும்போது அவர்கள் கை நிற்கக் கூடாது. நின்றால் அன்றைய கூலி குறையும். முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலை வெட்டுகிற தாளத்துக்குக் கேள்வியை மெதுவாக்கிக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் போவதற்கு முன்பே நர்ஸம்மா போயிருப்பார். கர்ப்பிணிகள் கீரை, முட்டை, பால், பேரீச்சம்பழம் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருப்பார். நாம் கேட்டதும் அந்தப் பட்டியல் அப்படியே வரும். ஒரு வீட்டில் நான் எழுதிக்கொண்டிருக்கப் பெரியக்கா பக்கத்தில் இருந்தார். அந்தப் பெண் முருங்கைக்கீரைப் பொரியல் என்றாள். பெரியக்கா முகம் மாறாமல், 'மரம் வீட்டுல இருக்கா, வாங்கினியா?' என்றார். வாங்கினேன் என்றாள். 'யாரு உருவுனது? முருங்கக்கீர உருவறதுக்குள்ள கை ஓஞ்சிடுமே.' அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். 'நாளைக்குத்தான் செய்யலாம்னு இருக்கேன் அக்கா.' 'செய். நாளைக்குச் செய்யறத நாளைக்கு வர்றவங்க எழுதிப்பாங்க. நேத்து நடந்தது மட்டும் எனக்குச் சொல்லு கண்ணு.' நேற்று ராத்திரி அவள் சாப்பிட்டது ரசமும் ஊறுகாயும். உண்மையில் சமைத்த கீரைக்கு விலை இருக்கும், ஆய்ந்தவர் இருப்பார், மிஞ்சியது எங்கே போனது என்று ஒரு கதை இருக்கும். சொல்லிக்கொடுத்த கீரைக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் விசாரணை செய்கிற குரல் வந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். அக்கா கேட்டதில் அக்கறைதான் இருந்தது, சந்தேகம் இல்லை. அதை நான் பார்த்துப் பார்த்துத்தான் பழகினேன்.

முகத்தை வைத்துக்கொள்வதும் தொழிலில் சேர்ந்தது. கீரை என்றால் மலர்ந்து, வெறும் சோறு என்றால் சுருங்கினால், அடுத்த தடவை அந்த வீட்டில் கீரை கூடிவிடும், ஃபார்மில் மட்டும். கர்ப்பிணிகள் பச்சரிசி, சாம்பல், பல்பம், மண் தின்பது உண்டு. பெரியவர்கள் உள்ளே போன பிறகு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வி என்ற தோரணையில் கேட்டால்தான் சொல்வார்கள். குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுகிற பெண்களும் இருக்கிறார்கள். 'அப்படியா!' என்று ஒரு ஆச்சரியம் காட்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

சமைக்கும் முன் ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எடுக்கிற ஆய்வுகளில் விடியும் முன்பே அடுப்படிக்குப் போய்விட வேண்டும். ஆள் வந்திருக்கிறதே என்று அன்றைக்குக் கறியோ பாயசமோ செய்துவிடுவார்கள். அதனால் பெரியக்கா முந்தைய நாளே போய், ஒன்றும் எழுதாமல், வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வருவார். விருந்தாளி என்ற எண்ணம் போன பிறகுதான் தராசு வெளியே வரும். எந்த நாளில் போக வேண்டும் என்று சீட்டு வந்ததோ அந்த நாளில்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பும், அமாவாசை ஒருபொழுதும், ஆடி மாதக் கூழும் எல்லாம் இந்த மண்ணின் சாப்பாடுதான். நமக்குத் தோதான செவ்வாய், புதன் மட்டும் போனால் கிடைப்பது பாதிச் சாப்பாடு.

தாய்ப்பால் அளவு தனிக் கலை. பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தையை அதே துணியோடு எடை போடுவது பழைய முறை. இரவு பகல் பாராமல் அந்த வீட்டிலேயே கிடக்க வேண்டும். நடுவில் நனைந்த துணியைப் பாசத்தோடு மாற்றிவிட்டால் கணக்கு போச்சு. இப்போது டியூட்டீரியம் கலந்த நீரை அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அது பால் வழியாகக் குழந்தை உடம்புக்குப் போகிறது. பதினான்கு நாளுக்குள் சில தடவை இருவரின் எச்சிலையும் பஞ்சில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எவ்வளவு பால் போனது, பாலைத் தவிர வேறு தண்ணீர் எவ்வளவு போனது என்று இரண்டும் தெரியும். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன் என்று சொன்ன வீட்டில் சர்க்கரைத் தண்ணீரும் ஓமத்தண்ணீரும் போனது இந்த முறையில் தெரிந்துவிடுகிறது. அம்மா பொய் சொல்கிறாள் என்று எண்ணாதீர்கள். ஓமத்தண்ணீரை அவள் மருந்தாக நினைக்கிறாள், நாம் உணவைப் பற்றித்தானே கேட்டோம்.

விரல் நுனி ரத்தத்துக்கு ஒரு வார்த்தை. ஸ்பிரிட் காயட்டும். பக்கவாட்டில் குத்துங்கள். முதலில் வருகிற சொட்டுகளைத் துடைத்துவிடுங்கள். பிதுக்காதீர்கள், பிதுக்கினால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், 11 கிராம் இருக்கிற கர்ப்பிணி சோகைப் பட்டியலில் ஏறிவிடுவாள். ரத்தச் சொட்டை வாங்கும் கியூவெட் தகடுகளின் டப்பாவை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் ஈரம் ஏறி எல்லாம் வீண். சோகை என்றதும் எனக்கு லூசி வில்ஸ் நினைவு வரும். 1920களின் கடைசியில் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணி மில் தொழிலாளிகளுக்கு வரும் கடும் சோகையை ஆராய்ந்த டாக்டர். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை விடாமல் பார்த்தவர். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை தேறுகிறது என்று 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. இன்றைக்குக் கர்ப்பிணிகள் வாங்குகிற இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

அடுத்து ஒப்புதல் படிவம். அதைப் படித்துக் காட்டிவிட்டு உடனே பேனாவை நீட்டாதீர்கள். 'ரத்தத்த எடுத்து வித்துடுவாங்க' என்ற பேச்சு எந்த ஊரிலும் எப்போதும் இருக்கும். எவ்வளவு எடுப்போம் என்று அந்தக் குழாயையே காட்டுங்கள். அதை என்ன செய்வோம், எப்போது முடிவு சொல்வோம் என்று மாமியார், கணவன் எல்லாருக்கும் சொல்லுங்கள். இரண்டு நாள் யோசிக்கட்டும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதையும் முதலிலேயே யோசித்து அந்த ஊர், தெரு, அண்ணன் தம்பி போன் நம்பர் எல்லாம் வாங்கி வையுங்கள். ஏழாம் மாதம் வரை கூடவே இருந்த தாயைப் பிரசவ நேரத்தில் தொலைத்துவிட்டுத் தேடுவதைவிட வேதனை இந்த வேலையில் இல்லை.

கடினமான விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். ரீகால் நடக்கும்போது அறிவுரை சொல்லக் கூடாது. எட்டு மாதக் குழந்தைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுக்கிறேன் என்று அம்மா சொல்லும்போது நெஞ்சு பதறும். எழுதி முடியுங்கள். முடித்து, ஃபார்மை மூடி, பேனாவைப் பையில் போட்டபிறகு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் ஆய்வு விதிகள் எவ்வளவு அனுமதிக்கின்றனவோ அவ்வளவும் பேசுங்கள். ஆனால் குழந்தை ஆபத்தில் இருந்தால் எந்த விதியும் காத்திருக்கச் சொல்லாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் புஜச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. அந்தக் குழந்தையின் எடை மெஷினில் நன்றாகவே தெரியும், கன்னம்கூட உப்பி அழகாக இருக்கும், அம்மாவும் குழந்தை தேறிவிட்டது என்று சந்தோஷப்படுவாள். எடையை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டால் அந்தக் குழந்தையை நாம் விட்டுவிட்டோம் என்று அர்த்தம். பாதத்தை அழுத்தாமல் ஒரு வீட்டிலிருந்தும் எழுந்திருக்காதீர்கள்.

இந்த வேலைக்கு வர நினைக்கிற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பூட்டிய வீடு இருக்கும், காய்ச்சலில் கிடக்கிற குழந்தை இருக்கும், எப்படிப் பிடித்தாலும் நீளம் எடுக்க விடாத குழந்தை இருக்கும். ஃபார்மில் காலிக் கட்டம் போனால் ஆபீசில் கேள்வி வரும், திட்டும் விழும். போகட்டும். போன மாதத்து அளவைப் பார்த்து இந்த மாதத்துக்கு ஒன்றைப் போட்டு நிரப்பாதீர்கள். அளக்கவில்லை என்று எழுதி, ஏன் என்றும் எழுதி, மறுநாள் பலகையைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பப் போங்கள்.